வழக்காடிய திரைக்கதையாளர் கே.ஏ. அப்பாஸ்

திரைப்படம் என்றதும் முகம் சுளிக்கும் பெரியவர்கள் நம்மிடையே உளர். அவர்தம் மனக்குறை முற்றும் பிழையென்று கூற நாமும் துணியோம். எனினும் அத்துறையில் நின்றுகொண்டே உரிமைக்காக உச்ச நீதிமன்றப் படியேறிய ஒருவரை அவர்களும் அறிந்திருத்தல் நலம்.

குவாஜா அகமது அப்பாஸ் 1914 ஜூன் 7 அன்று பானிப்பட்டில், உருதுப் பெருங்கவிஞர் ஹாலியின் மரபில் பிறந்தார். அலிகாரில் இலக்கியமும் சட்டமும் பயின்றார். ஆயினும் வழக்கறிஞராகாமல் பம்பாய் சென்று பத்திரிகையாளரானார். பிறர் படங்களைக் கடுமையாக விமரிசித்தவர், தாமே எழுத முற்பட்டு, 1941-இல் பாம்பே டாக்கீஸின் ‘நயா சன்சார்’ படத்திற்குக் கதை தந்தார். அப்பெயரையே பின்னாளில் தம் படநிறுவனத்திற்கும் சூட்டிக்கொண்டார்.

1943-ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தைப் பொருளாகக் கொண்ட ‘தர்த்தி கே லால்’ 1946-இல் அவர் இயக்கிய முதற்படம். திரைக்கதையில் அவர் பங்கு கொண்ட ‘நீச்சா நகர்’ அதே ஆண்டு கான் திரைப்பட விழாவில் உயர்பரிசினைப் பகிர்ந்துகொண்டது. ராஜ்கபூருக்கு எழுதிய ‘ஆவாரா’, ‘ஸ்ரீ 420’, ‘பாபி’ ஆகியன மக்களிடையே பெருவெற்றி கண்டன. ‘ஆவாரா’ சோவியத் நாட்டிலும் கொண்டாடப்பட்டது. பிறப்பா, வளர்ப்பா மனிதனை உருவாக்குவது என்னும் பழைய வினாவை எளிய மக்களின் முன் வைத்த கதை அது.

தாமே தயாரித்த படங்களோ வசூலில் பெரும்பாலும் தோற்றன. 1954-இல் பாடலே இல்லாமல் ‘முன்னா’ எடுத்தார். அக்காலத்தில் அது துணிவன்று, ஏறத்தாழப் பிடிவாதம் என்றே நாம் சொல்வோம். வீடற்ற இளந்தம்பதியரின் கதையான ‘ஷெஹர் அவுர் சப்னா’ 1963-ஆம் ஆண்டின் சிறந்த படத்திற்கான குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கத்தைப் பெற்றது. 1969-இல் கோவா விடுதலையைப் பாடிய ‘சாத் ஹிந்துஸ்தானி’யில் வங்காள நடிகரைப் பஞ்சாபியராகவும், மலையாள நடிகர் மதுவை வங்காளியாகவும் நடிக்க வைத்தார். உருதுக் கவிஞராக அதில் அறிமுகமான நெட்டை இளைஞரே அமிதாப் பச்சன்.

இனி அவ்வழக்கு. கல்கத்தா, பம்பாய், சென்னை, டெல்லி ஆகிய நான்கு மாநகரங்களின் செல்வத்தையும் வறுமையையும் அருகருகே காட்டும் பதினாறு நிமிடக் குறும்படம் ஒன்றை அப்பாஸ் எடுத்தார். விலைமகளிர் தெருக் காட்சியைக் குறைத்தாலன்றி அனைவரும் காணும் சான்றிதழ் இல்லை என்றது அரசு. அவர் உச்ச நீதிமன்றம் சென்றார். விசாரணையின்போது, வெட்டேதுமின்றிச் சான்றிதழ் தர அரசே இசைந்தது. கேட்டது கிடைத்தது, வேறொருவராயின் வீடு திரும்பியிருப்பார். அப்பாஸோ மனுவைத் திருத்தி, முன்தணிக்கை என்பதே செல்லுமா என்று வினவினார்.

1970 செப்டம்பரில் தலைமை நீதிபதி இதாயத்துல்லா தலைமையிலான ஆயம் முன்தணிக்கை செல்லும் என்று தீர்ப்பளித்தது. அப்பாஸ் தோற்றார். ஆயினும் பாலுறவைக் காட்டுவதெல்லாம் ஆபாசமாகாது என்றும், கலையின் மதிப்பைத் தணிக்கையாளர் கருத வேண்டும் என்றும் அத்தீர்ப்பு வலியுறுத்தியது. மேல்முறையீட்டை அரசே விசாரிக்கும் முறையை மாற்றுவதாக அரசுத் தரப்பும் உறுதி கூறியது. சட்டம் 1981-இல் திருத்தப்பட்டு, 1983-இல் திரைப்படத் தணிக்கை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அமைந்தது.

இவ்வளவுக்கும் நடுவே, நாற்பதாண்டுகளுக்கும் மேலாக ‘கடைசிப் பக்கம்’ என்னும் இதழ்ப் பத்தியை அவர் எழுதிவந்தார். 1987 ஜூன் 1 அன்று பம்பாயில் மறையும் ஆண்டு வரை அது நிற்கவில்லை. அவர் தோற்ற வழக்கின் வழிவந்த அத்தீர்ப்பாயம் 2021-இல் கலைக்கப்பட்டது. தணிக்கையில் குறையுற்றோர் இப்போது உயர் நீதிமன்றத்தையே நாடவேண்டும்.