யாழ்நூல் தந்த அடிகள்

ஈழநாட்டின் கீழ்கரையிலே, காரைதீவு என்னும் ஊரில், 1892ஆம் ஆண்டிற் சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் புதல்வராய்த் தோன்றிய மயில்வாகனனாரே பின்னர் விபுலாநந்த அடிகள் எனப் போற்றப்பட்டவர். காரைதீவினின்றும் வடக்கே சாய்ந்தமருது, கல்முனைக்குடி என்னும் முஸ்லிம் ஊர்களைக் கடந்து செல்லும் பெருவழி கல்முனையைச் சேரும். அக்கல்முனையிலும், பின்பு மட்டக்களப்பிலும் அடிகள் ஆங்கிலக் கல்வி பயின்றார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதரும், 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியும் ஆயினார். 1924இல் இராமகிருஷ்ண சங்கத்திலே துறவு பூண்டார்.

தமிழும் விஞ்ஞானமும் ஆகிய இவ்விரு கல்வியும் அவரிடத்து ஒன்றாய்க் கலந்தமையையே நாம் ஈண்டுச் சிறப்பாகக் கருதுகின்றோம்.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதல் தமிழ்ப் பேராசிரியராய் அமர்ந்தார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் அப்பதவியை முதன்முதல் ஏற்றார். பழமையைக் கற்பதாற் பயன் என்னை என வினவுவார் அன்றும் உளர், இன்றும் உளர். அவர்க்கு அடிகளது ஆராய்ச்சியே விடையாகும்.

அடிகள் பிறந்த அவ்வாண்டிலேயே உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தைப் பதிப்பித்தனர். அதன் அரங்கேற்று காதை யாழிலக்கணத்தைக் கூறுகின்றது. எனினும் யாழோ வழக்கொழிந்து போயிற்று. கண்டாரும் இலர், கேட்டாரும் இலர். சொற்பொருள் மட்டும் அறிந்தார்க்கு அப்பகுதி விளங்கவில்லை; விஞ்ஞானம் மட்டும் அறிந்தார் அதனைத் தொடவில்லை. இரண்டும் வல்ல அடிகளோ உரைகளை ஆராய்ந்து, நரம்பின் நீளத்தையும் சுருதியையும் கணக்கிட்டனர். நரம்பினை மூன்றில் இரண்டு பங்காகக் குறைப்பின் குரலினின்றும் இளி பிறக்கும். இத்தகைய அளவைகளால் வில்யாழ், பேரியாழ், மகரயாழ், சகோடயாழ் முதலியவற்றின் இயல்பு தெளிவாயிற்று. ஏறத்தாழ 14 ஆண்டு உழைப்பின் பயனாகிய யாழ்நூல், 1947 சூன் திங்களிலே திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேறியது. சூலை 19ஆம் நாள் அடிகள் இறைவனடி சேர்ந்தார்.

ஆசிரியப் பெருமக்காள்! பல்கலைக்கழகம் பழமையைப் பேணாதொழியின், ஏட்டிலிருப்பதும் ஊமையாய்க் கிடக்கும். நும் மாணாக்கருள் கணக்கில் வல்லான் ஒருவன் பழநூலையும் விரும்புவானாயின், இரண்டில் ஒன்றனைக் கைவிடுமாறு அவனுக்குக் கூறற்க. அவ்விரண்டையும் கைவிடாத காரைதீவுச் சிறுவரே, மறைந்த யாழினை நமக்கு மீட்டுத் தந்தனர்.