அல்பிறட் வெகனர் செய்த ஆயத்தம்

உத்தியோகத்துக்காகவோ கல்விக்காகவோ வீட்டைப் பிரிந்து செல்வோர் பலர். அவர்கள் திரும்பி வரும் நாளை ஓரளவேனும் அறிந்தே செல்கின்றனர். ஆனால் மனைவியையும் மூன்று பெண்மக்களையும் விட்டு, ஐம்பது வயதை அடையுங் காலத்தில், உறைபனிப் பிரதேசத்துக்கு ஒருவர் புறப்படுவதாயின் அவருக்கு எத்தகைய ஆயத்தம் வேண்டும்? ஜேர்மனிய விஞ்ஞானி அல்பிறட் வெகனரின் சரித்திரம் இதனை நாம் சிந்திக்குமாறு செய்கின்றது.

வெகனர் 1880 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 1 ஆந் திகதி பேர்லின் நகரிற் பிறந்தார். வானசாத்திரத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றபின் வளிமண்டல ஆராய்ச்சியில் ஈடுபட்டார். கண்டங்கள் யாவும் ஆதியில் ஒன்றாயிருந்து பின்னர் விலகின என்னுங் கொள்கையை 1912 இல் வெளியிட்டார். அறிஞர் பலர் அதனை எள்ளினர். அவர் இறந்து முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே, கடலடித்தள ஆராய்ச்சிகளின் பயனாக அக்கொள்கை நிலைபெற்றது.

கிறீன்லாந்து அவருக்குப் புதிய இடமன்று. 1906 முதல் 1908 வரை டென்மார்க்குக் குழுவொன்றுடன் அங்கு தங்கினார். அக்குழுவின் தலைவரும் தோழர் இருவரும் பனியில் மாண்டனர். எனவே, அந்நிலத்தின் கொடுமையை அவர் நன்கறிவார். 1912 இல் இரண்டாம் முறை சென்றபோது, காலநிலை அறிஞர் கெப்பனின் புதல்வி எல்சே அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தார். வெகனர் திரும்பிய 1913 ஆம் ஆண்டிலேயே விவாகம் நடைபெற்றது. காத்திருத்தல் என்பதை எல்சே அம்மையார் இல்லறந் தொடங்குமுன்னரே பழகிக்கொண்டார்.

1924 இல் வெகனர் ஒஸ்திரியாவிலுள்ள கிறாஸ் சர்வகலாசாலையிற் பேராசிரியரானார். எல்சேயின் பெற்றோரும் அவ்வூருக்கே வந்து குடியேறினர். உத்தியோகமும் வீடும் உறவும் ஒருங்கே வாய்த்த அக்காலத்திலேதான் கிறீன்லாந்து மீண்டும் அவரை அழைத்தது. பனிப்பரப்பின் தடிப்பை அளத்தல், அதன் நடுவில் ஓராண்டு முழுவதும் காலநிலையைக் குறித்தல் ஆகியன நோக்கங்களாயின.

அவர் அவசரப்படவில்லை. 1929 இல் முன்னோடியாகச் சென்று வழியையும் கருவிகளையும் பரீட்சித்தார். பின்னர் ஐஸ்லாந்துக் குதிரைகள், நாய்கள், விமான எந்திரம் பூட்டிய சறுக்குவண்டிகள், மாதக்கணக்கான உணவு, எரிபொருள் யாவும் கணக்கிட்டுச் சேர்க்கப்பட்டன. இத்துணைக் கவனமும் ஆராய்ச்சிக்கு மட்டுமன்று, வீட்டாருக்குஞ் செய்த கடமையே எனலாம். திரும்பி வருதற்குரிய வழியை ஒழுங்கு செய்யாமற் புறப்படுவது வீரமாகாது.

1930 ஏப்பிரலிற் புறப்பட்டனர். கடற்பனி கரையை அடைத்தமையால் ஏறக்குறைய ஆறு வாரங்கள் வீணாயின. கரையிலிருந்து 400 கிலோமீற்றர் உள்ளே அமைந்த நடு நிலையத்துக்குப் போதிய பொருள்கள் சென்றில. அங்கிருந்த இருவரும் எரிபொருள் வாராதாயின் நிலையத்தைக் கைவிட்டு நடந்து வருவதாக எழுதியனுப்பினர். தலைவரான வெகனர் வேறொருவரை ஏவாமல், செப்ரெம்பர் 21 ஆந் திகதி தாமே புறப்பட்டார். உடன்சென்ற கிறீன்லாந்தரிற் பெரும்பாலோர் வழியில் திரும்பினர். பூச்சியத்துக்குக் கீழ் ஐம்பது பாகைக் குளிரில், தோழர் லோவேயும் கிறீன்லாந்து வாலிபர் றாஸ்மஸ் விலும்செனும் மட்டுமே அவருடன் ஒக்ரோபர் 30 இல் நிலையத்தை அடைந்தனர். அங்கிருந்தோரோ பனியைக் குடைந்து அறையமைத்து, அங்கேயே தங்குவதெனத் தீர்மானித்திருந்தனர்.

ஐவருக்கும் மாரிகாலத்துக்குப் போதிய உணவில்லை. லோவேயின் கால்கள் குளிரால் விறைத்துப் பழுதுற்றமையால் அவர் அங்கேயே தங்கினார். நவம்பர் 1, வெகனரின் ஐம்பதாவது பிறந்தநாள். அன்றே அவரும் விலும்செனும் கரைநோக்கித் திரும்பினர். இருவரும் வந்து சேரவில்லை. 1931 மே மாதத்தில், பனியில் நாட்டப்பட்ட சறுக்குக்கட்டைகளினிடையே வெகனரின் உடல் கண்டெடுக்கப்பட்டது. அதனைப் பக்குவமாகப் போர்த்து அடக்கஞ் செய்தவர் விலும்சென். அவ்வாலிபரின் உடல் இன்றுவரை கிடைத்திலது.

தமையனார் கூர்ட் வெகனர் தலைமையேற்று ஆராய்ச்சியை நிறைவேற்றினார். உடல் பனியிலேயே இருக்கட்டுமென எல்சே அம்மையார் விரும்பினார். அதன்பின் அறுபதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 1992 இல் நூறாவது வயதிற் காலமானார்.

எத்துணை ஆயத்தஞ் செய்யினும் இயற்கை நம் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. வெகனரின் புகழைப் பேசும்போது, பெயர் மறக்கப்படும் விலும்செனையும், கிறாஸ் நகரில் மூன்று பெண்மக்களுடன் காத்திருந்த தாயையும் சேர்த்தே நினைத்தல் வாலிபராகிய நமது கடனாகும்.