கலம் கழுவும் யந்திரம் கண்ட ஜோசபின் அம்மையார்

உண்டபின் கலம் கழுவுதல் எல்லா இல்லங்களிலும் நாள்தோறும் நிகழ்வதொன்று. ஆயினும் அதனை எளிதாக்க முற்பட்டோர் மிகச் சிலரே. அவருள் தலைசிறந்தவராகிய ஜோசபின் காக்ரன் அம்மையாரின் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

அம்மையார் 1839-ஆம் ஆண்டு மார்ச்சு 8-ஆம் நாள் அமெரிக்க நாட்டு ஒஹாயோ மாகாணத்திற் பிறந்தார். தந்தையார் ஜான் காரிஸ் ஒரு பொறியாளர். நீராவிப் படகு அமைத்த ஜான் பிட்ச் என்பார் குடும்பத்து முன்னோர். யந்திர நாட்டம் குலவழி வந்ததென்பர். அம்மையார் அக்கலையை முறையாகக் கற்றிலர் என்பதையும் உடன் நினைதல் வேண்டும். 1858-இல் வில்லியம் காக்ரன் என்னும் வணிகரை மணந்து, இல்லினாய் மாகாணத்து ஷெல்பிவில் நகரிற் செல்வமாய் வாழ்ந்தார். விருந்துகள் பல நிகழ்ந்த அம்மனையில், ஏவலர் கழுவுங்கால் அரிய பீங்கான் தட்டுகளின் விளிம்பு சிதைவது அவருக்குப் பெருங் கவலையாயிற்று. தாமே கழுவிப் பார்த்தார், அலுத்துவிட்டது. யந்திரத்தைப் பற்றிய எண்ணம் அங்ஙனமே எழுந்தது. நீரையும் எரிபொருளையும் மிச்சப்படுத்துதல் அவர்தம் முதல் நோக்கமன்று.

1883-இல் கணவர் கடன் வைத்து இறந்தார். செல்வமகளின் விருப்பமாயிருந்தது அன்றுமுதல் கைம்பெண்ணின் பிழைப்பாயிற்று. ஜார்ஜ் பட்டர்ஸ் என்னும் தொழிலாளியின் துணையுடன் வீட்டின் பின்புறக் கொட்டகையில் வேலை நடந்தது. தட்டு, கோப்பை முதலியவற்றை அளந்து, அவ்வவற்றிற்கேற்பக் கம்பிக் கூடுகள் செய்வித்தார். அவற்றைச் செப்புக் கொப்பரையுள் சுழலும் சக்கரத்திற் பொருத்தினார். கீழிருந்து சவுக்கார வெந்நீர் விசையோடு பாய்ந்தது. தேய்ப்பானின்றி நீர்விசையே அழுக்கை அகற்றுவது இதன் சிறப்பு. 1886 டிசம்பர் 28-ஆம் நாள் காப்புரிமை கிடைத்தது.

வாங்குவோர் யார்? இல்லங்களுக்கு விலை மிகுதி. யந்திரத்திற்குப் போதிய வெந்நீரும் அங்கில்லை. ஆதலின் சிகாகோ நகரத்துப் பெரிய ஓட்டல்களை நாடினார். தந்தையோ கணவரோ உடன்வராமல் அறியாத ஓட்டலுட் புகுதல் அக்காலத்து மாதர்க்கு வழக்கமன்று. ஷெர்மன் ஹவுஸ் ஓட்டலின் பெருங்கூடத்தைத் தனியே கடந்தது தம் வாழ்வின் மிகக் கடிய செயல்களுள் ஒன்றென அவரே பின்னர்ச் சொன்னார். எனினும் உத்தரவு பெற்றே திரும்பினார்! பொருளுதவ முன்வந்தோர் சிலர், நிர்வாகத்தை ஆடவரிடம் ஒப்புவிக்குமாறு கேட்டனர், அவர் இணங்கவில்லை. 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அவர் யந்திரம் பரிசு பெற்றது.

அவர் கருதாத சிக்கனம் இந்நாளில் ஆராயப்படுகின்றது. ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தார் சோதித்தபோது, பன்னிருவர் உண்ட கலங்களைக் கையாற் கழுவச் சராசரி நூறு லிட்டர் நீர் செலவாயிற்று. யந்திரத்திற்கு ஏறக்குறைய இருபது லிட்டரே. ஆனால் 2020-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் வேறொன்று கண்டனர்: குழாயைத் திறந்துவிடாமல், ஒரு தொட்டியில் வெந்நீரும் மற்றொன்றில் தண்ணீரும் வைத்துக் கழுவுவோர், புவியை வெப்பமாக்கும் வாயுக்களை யந்திரத்தினும் குறைவாகவே வெளிவிடுகின்றனர். எரிபொருளின் பெரும்பகுதி நீரைச் சூடாக்கவே செல்லுதலின், குளிர்ந்த நீரிற் கழுவுவோர்க்கு அவ்வகையில் யந்திரம் யாதும் மிச்சப்படுத்தாது என்பதே எம் துணிபு.

அம்மையார் 1913 ஆகஸ்டு 3-ஆம் நாள் சிகாகோவிற் காலமானார். அவர் நிறுவிய ஸ்தாபனத்தை 1926-இல் ஹோபார்ட் கம்பெனியார் வாங்கினர். இல்லங்களில் அந்த யந்திரம் பரவலாக இடம்பெற்றதோ 1950-ஆம் ஆண்டிற்குப் பின்னரே.