நீர் ஊறியது, சங்கிலி அறவில்லை: புனித தேவசகாயம் காட்டும் நம்பிக்கை



திண்டுக்கல்லிலிருந்து பழனி செல்லும் சாலையில் ரெட்டியார்சத்திரத்தைக் கடக்கும்போது, இருபுறமும் நாம் காண்பது மழையை நம்பி வாழும் மண். பருத்தியும் மக்காச்சோளமும் காய்கறியும் விளையும் பூமி இது. மழை பெய்தால் வீட்டில் சிரிப்பு இருக்கும். பொய்த்தால் கடன் ஏறும். ஆழ்துளைக் கிணறு போட்டுப் புழுதி மட்டுமே கண்ட தோட்டங்களும் உண்டு. தண்ணீர் கிடைத்து விளைந்தும், விலை இல்லாமல் தக்காளியைச் செடியிலேயே விட்டுவிட்ட ஆண்டுகளும் உண்டு. இப்பகுதியில் அன்பியக் கூட்டம் கூடினால் மழைக்காகவும், கடன் தீரவும், நோய் நீங்கவும் மன்றாட்டுகள் எழுகின்றன. கூட்டம் முடிந்து பாயைச் சுருட்டும்போது, இத்தனை நாள் வேண்டியும் கடவுள் ஏன் கேட்கவில்லை என்று சிலர் மெல்லக் கேட்பதும் உண்டு.

இந்தக் கேள்வியைத் தவறென்று சொல்லி ஒதுக்கிவிட நமக்கு உரிமை இல்லை. இதே கேள்வியோடு கடவுளைத் தேடி வந்த ஒருவர், நம் தமிழ் மண்ணிலேயே புனிதராக உயர்ந்திருக்கிறார். அவரே புனித தேவசகாயம்.

இழப்பில் தொடங்கிய தேடல்

1712ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நட்டாலத்தில் அவர் பிறந்தார். அந்நாளில் அது திருவிதாங்கூர் அரசைச் சேர்ந்த பகுதி. பெற்றோர் இட்ட பெயர் நீலகண்டன். வசதியும் செல்வாக்கும் உள்ள குடும்பம். மொழிகளையும் போர்க்கலைகளையும் கற்று, மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் ஆட்சியில் பத்மநாபபுரம் அரண்மனையில் அதிகாரியாகப் பணியாற்றினார். பார்கவி என்னும் பெண்ணை மணந்தார்.

குறையொன்றும் இல்லாத அந்த வாழ்வில் இழப்புகள் வந்து சேர்ந்தன. வயலில் விளைச்சல் போயிற்று. கால்நடைகள் மடிந்தன. குடும்பச் சொத்து கரைந்தது. வேலைக்கு வந்தபோதும் அவர் முகத்தில் அந்தக் கவலை தெரிந்தது. அதைக் கவனித்தவர் டி லனாய் என்னும் படைத்தலைவர். 1741ஆம் ஆண்டு குளச்சல் போரில் டச்சுப் படையோடு வந்து தோற்றுச் சிறைப்பட்டு, பின்னர் திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி அளிப்பவராக மாறியவர் அவர். கத்தோலிக்கர். தாமும் எல்லாவற்றையும் இழந்து அயல்நாட்டில் கைதியாக நின்றவர் என்பதால், இழந்தவரிடம் பேச அவருக்குத் தகுதி இருந்தது.

டி லனாய் அவருக்கு யோபுவின் வரலாற்றைச் சொன்னார். ஆடு மாடுகளையும் பிள்ளைகளையும் உடல் நலத்தையும் இழந்து சாம்பலில் அமர்ந்தபோதும் கடவுளை விட்டு அகலாத அந்த மனிதரின் கதை, நீலகண்டனின் உள்ளத்தைத் தொட்டது. துன்பம் கடவுளின் வெறுப்புக்கு அடையாளம் அல்ல என்பதை அவர் அங்கே கற்றார்.

1745ஆம் ஆண்டு மே மாதம் 14ஆம் நாள், வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புத்தாரியின் கையால் திருமுழுக்குப் பெற்றார். இலாசர் என்னும் விவிலியப் பெயரின் தமிழ் வடிவமாகத் தேவசகாயம் என்று பெயர் சூட்டப்பட்டது. கடவுளின் உதவி என்பதே அதன் பொருள். அவருடைய துணைவியாரும் பின்னர் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார்.

பெயர் சோதிக்கப்பட்ட காலம்

கடவுளின் உதவி என்று பெயர் பெற்றவருக்கு இனி எல்லாம் நன்மையாகவே நடந்திருக்கும் என்று நாம் எண்ணலாம். நடந்தது வேறு. பிறப்பால் உயர்ந்தோர், தாழ்ந்தோர் என்று பாராமல் எல்லாரோடும் அவர் சமமாகப் பழகினார். அரண்மனையிலும் ஊரிலும் எதிர்ப்பு வளர்ந்தது. அரசுக்குத் துரோகம் செய்தார், உளவு சொன்னார் என்றெல்லாம் குற்றம் சாட்டப்பட்டு, 1749ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் கைது செய்யப்பட்டார்.

அன்று தொடங்கிய துன்பம் ஏறத்தாழ 3 ஆண்டுகள் நீடித்தது. பதவி பறிபோனது. கைகளைக் கட்டி, எருமைமேல் பின்நோக்கி அமர்த்தி, ஊர் ஊராக இழுத்துச் சென்றார்கள். அடித்த காயங்களில் மிளகாய்ப்பொடி தடவினார்கள். வெயிலில் நிறுத்தினார்கள். பெருவிளையில் ஒரு வேப்பமரத்தில் பல மாதங்கள் கட்டி வைத்திருந்தார்கள். பார்ப்பவருக்கு அச்சம் வரட்டும் என்று இது செய்யப்பட்டது. ஆனால் மக்களோ அவரிடம் ஆறுதல் தேடி வந்தார்கள், தங்களுக்காக வேண்டும்படி கேட்டார்கள்.

அவர் பயணத்தில் புலியூர்க்குறிச்சி என்னும் இடம் உண்டு. தாகத்தால் நாவறண்ட நிலையில் அவர் அங்கே முழந்தாளிட்டு வேண்டி, முழங்கையால் பாறையை இடித்ததாகவும், அதில் நீர் ஊறியதாகவும் மக்கள் வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். முட்டிடிச்சான் பாறை என்று அழைக்கப்படும் அந்த இடத்துக்கு இன்றும் திருப்பயணிகள் செல்கிறார்கள்.

தண்ணீரின் அருமை தெரிந்த நாம் இங்கே சற்று நிற்க வேண்டும். பாறையில் நீர் ஊறியது. ஆனால் அவருடைய கைவிலங்கு அறுந்து விழவில்லை. அன்றைய தாகம் தணிந்தது. மறுநாளும் அதே கட்டோடு அவர் நடந்தார். பாறையில் நீர் தரவல்ல கடவுளுக்குச் சங்கிலியை அறுக்க முடியாதா? முடியும். ஆயினும் அவர் கொடுத்தது, அந்த ஒரு நாளைக் கடப்பதற்குத் தேவையான நீரைத்தான். தேவசகாயம் அந்த நீருக்காக நன்றி சொன்னார். சங்கிலிக்காகக் கடவுளை விட்டுவிடவில்லை.

அவர் நம்பிக்கையின் ஆழம் இங்கேதான் தெரிகிறது. யோபுவுக்கு இறுதியில் இழந்ததெல்லாம் இரட்டிப்பாகத் திரும்பக் கிடைத்தது. தேவசகாயத்துக்கோ வயலும் திரும்பவில்லை, மாடுகளும் திரும்பவில்லை, பதவியும் திரும்பவில்லை. யோபுவின் கதையைக் கேட்டு விசுவாசத்துக்கு வந்தவர், யோபுவுக்குக் கிடைத்த முடிவு தமக்குக் கிடைக்காதபோதும் விசுவாசத்தில் நிலைத்தார். அவர் நம்பியது கடவுளைத்தான், கடவுள் தரும் பொருளை அல்ல.

மலையில் ஒரு வேண்டல்

இறுதியாக அவரை ஆரல்வாய்மொழிக்குக் கொண்டு சென்றார்கள். 1752ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் இரவில், காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். சாவதற்கு முன் வேண்டுவதற்குச் சிறிது நேரம் கேட்டார் என்றும், அது கொடுக்கப்பட்டது என்றும் மரபு சொல்கிறது. உடலைக் காட்டில் வீசினார்கள். பின்னர் இறைமக்கள் அவருடைய எஞ்சிய எலும்புகளைச் சேகரித்து, கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். ஞானப்பூ அம்மாள் வடக்கன்குளத்தில் தங்கி வாழ்ந்து அங்கேயே மறைந்தார்.

தோல்வியில் முடிந்தது போலத் தோன்றிய அந்த வாழ்வை மக்கள் மறக்கவில்லை. 2012ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் நாள் அவர் அருளாளராக அறிவிக்கப்பட்டார். 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் வத்திக்கானின் புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். இந்தியப் பொதுநிலையினரில் புனிதராக உயர்த்தப்பட்ட முதல் மறைசாட்சி அவரே. எல்லாரையும் சமமாக எண்ணியவருக்கு ஏற்றபடி, அவர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பெயரும் அதற்கு முன்பே நீக்கப்பட்டது.

நமக்கு என்ன சொல்கிறார்?

தேவசகாயம் குருவும் அல்லர், துறவியும் அல்லர். நிலமும் மாடும் மனைவியும் வேலையும் உடைய குடும்பத்தலைவர். ஆகவே அவரைப் பார்த்து, இது நம்மால் ஆகாது என்று நாம் ஒதுங்கிவிட முடியாது.

நம் வேண்டல் பல நேரங்களில் ஒரு கணக்காக மாறிவிடுகிறது. ஒன்பது நாள் நவநாள் செய்தேன், நடைப்பயணம் போனேன், மெழுகுவர்த்தி ஏற்றினேன், பதில் எங்கே என்று கேட்கிறோம். கேட்பதில் தவறில்லை, தேவசகாயமும் தண்ணீர் கேட்டார். ஆனால் கேட்டது கிடைக்காத நாளில் நம் முழங்கால் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. கோவிலை விட்டு விலகிவிடுகிறோமா, அல்லது கட்டோடு இருந்தாலும் அவரிடமே நிற்கிறோமா?

நம் தோட்டத்தில் மழை பெய்யாத ஆண்டிலும் சில ஊற்றுகள் உண்டு. விதைக்குக் கைமாற்றாகப் பணம் கொடுத்த பக்கத்து வீட்டார், மருத்துவமனையில் இரவெல்லாம் உடன் இருந்த அன்பிய உறுப்பினர், சோர்ந்த நாளில் திருப்பலியில் கிடைத்த ஒரு அமைதி. சங்கிலியையே பார்த்துக்கொண்டிருந்தால் இந்த ஊற்றுகள் நம் கண்ணில் படுவதில்லை. மேலும், டி லனாய் ஒருவர் அருகில் அமர்ந்து கேட்காமல் இருந்திருந்தால் தேவசகாயம் இல்லை என்பதையும் நாம் மறக்கக் கூடாது. நம் தெருவில் வாடிய முகத்தோடு நடப்பவரிடம், சாதி பாராமல், என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்பதும் கடவுளின் உதவியே.

அவருடைய நினைவு நாளான ஜனவரி 14, நாம் புத்தரிசிப் பொங்கலிட்டு நன்றி சொல்லும் நாள்களில் வருகிறது. விளைந்த ஆண்டில் நன்றி சொல்வது எளிது. விளையாத ஆண்டிலும் பானையை அடுப்பில் ஏற்றி, இருப்பதைப் பகிர்ந்து, நன்றி சொல்லும் மனத்தை அவர் வழியாகக் கேட்போம்.

இறைவா, எங்கள் நிலத்துக்கு மழையும் எங்கள் பிள்ளைகளுக்கு நலமும் தாரும். நாங்கள் கேட்பது தாமதமாகும் நாள்களில், இன்றைக்குத் தேவையான ஊற்றைக் காணும் கண்களைத் தாரும். புனித தேவசகாயமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.