கோயமுத்தூருக்கு வந்த செடி டாக்டர்

ஆடி பிறந்துவிட்டால் பல்லடம், தாராபுரம் பக்கத்தில் குடை பிடித்து நடக்க முடியாது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பாய்ந்து வரும் காற்று அப்படி. காற்று வரும், மழை வராது. மேகம் கொண்டு வந்த தண்ணீரையெல்லாம் மலையாளக் கரை வாங்கிக்கொள்கிறது. மலையின் மேற்குச் சரிவில் ஆண்டுக்கு 300 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டும் இடங்கள் உண்டு. திருப்பூர் வட்டாரத்துக்குக் கிடைப்பதோ அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. அந்தப் பக்கம் மிளகும் பாக்கும்; இந்தப் பக்கம் வெள்வேலும் கிளுவையும் கொழுக்கட்டைப் புல்லும். நடுவே மதிலும் இல்லை, சமுத்திரமும் இல்லை. ரயிலில் ஏறினால் இரண்டு மணி நேரப் பயணந்தான்.

இந்த வேற்றுமையின் நடுவிலே வந்து பதினோரு ஆண்டு உட்கார்ந்து, ஒரு செடியோடு மல்லுக்கட்டியவர் டாக்டர் ராபர்ட் வைட்.

ஸ்காட்லாந்தில் 1796ல் பிறந்தவர். எடின்பரோவில் வைத்தியம் படித்துவிட்டு, 1819ல் கும்பினியாரின் உதவி சர்ஜனாகச் சென்னை ராஜதானிக்கு வந்தார். பட்டாளத்துக்கு மருந்து கொடுப்பது உத்தியோகம். மனமெல்லாம் செடி கொடிகளின் மேல். 1826ல் சென்னை சர்க்கார் அவரை இயற்கை ஆராய்ச்சியாளர் பதவியில் அமர்த்திற்று. இரண்டே ஆண்டில், செலவு அதிகம் என்று பதவியையே எடுத்துவிட்டார்கள். சிக்கனம் என்றால் முதலில் கத்தி விழுவது இப்படிப்பட்ட இடத்தில்தானே!

வைட் நாகப்பட்டினத்துக்கு மீண்டும் பட்டாள டாக்டராகப் போனார். சேகரிப்பதை மட்டும் விடவில்லை. 1831ல் விடுமுறையில் தாய்நாடு திரும்பியபோது கூடவே கப்பலேறிய உலர்ந்த செடிகளின் எடை சுமார் 2 டன். ஆர்னட் என்ற நண்பரோடு உட்கார்ந்து அவற்றைப் பகுத்து, தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றிய நூலின் முதல் பாகத்தை 1834ல் வெளியிட்டார். இரண்டாம் பாகம் வரவேயில்லை. இந்த ஆர்னட்டை காங்கயத்துக் குடியானவர்கள் அறியமாட்டார்கள். ஆனால் அவர்கள் கொறங்காட்டைச் சுற்றி வேலியாக நிற்கும் முள்கிளுவையை 1839ல் சாஸ்திர முறைப்படி விவரித்துப் பெயரிட்டவர் அவர்தான்.

திரும்பி வந்த வைட்டுக்கு 1836ல் புதிய வேலை கிடைத்தது. வருவாய் இலாகாவில் சேர்ந்து பருத்தி, புகையிலை போன்ற பயிர்களை ஆராய வேண்டும். காரணம் லங்காஷயரில் இருந்தது. அங்கே நூற்பாலைகள் அமெரிக்கப் பஞ்சையே நம்பி ஓடின. அந்த வரத்து நின்றுபோனால் என்ன கதி? நாட்டுப் பஞ்சின் இழை குட்டை. யந்திரத்துக்கு நெட்டை இழை வேண்டும். ஆகவே அமெரிக்கப் பருத்தியை இந்தியாவில் விளைவிப்பது என்று கும்பினி முடிவு செய்து, 1840ல் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்து அனுபவம் மிக்க தோட்டக்காரர்களையே வரவழைத்தது. ரம்பப்பல் வைத்த கொட்டை நீக்கும் யந்திரங்களும் வந்தன. 1842ல் கோயமுத்தூர்ப் பண்ணைகளின் பொறுப்பு வைட்டிடம் வந்தது.

அமெரிக்கப் பருத்தி கோடையில் மழை குடித்து, வறண்ட இலையுதிர் காலத்தில் வெடித்துப் பழகிய செடி. கொங்கு நாட்டிலோ பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். ஆடியில் காற்று. அதற்குப்பின் நீண்ட வறட்சி. இங்கேயே பிறந்து வளர்ந்த உப்பமும் கருங்கண்ணியும் இந்தக் கணக்கைத் தெரிந்து வைத்திருந்தன. வந்த செடிக்குத் தெரியவில்லை. குடியானவருக்கும் அவசரம் இல்லை. புதுப் பஞ்சுக்கு யந்திரம் வேண்டும், வாங்கும் வியாபாரி வேண்டும். பழைய பஞ்சுக்கு வீட்டிலேயே ராட்டை இருந்தது. அமெரிக்கப் பருத்தி கோயமுத்தூரில் நன்றாக விளையும் என்பதே கடைசிவரை வைட்டின் கட்சி. ஆனால் பண்ணையின் வேலி தாண்டி அது பரவவில்லை. 1853ல் அவர் ஊர் திரும்பினார்.

பருத்தி கைவிட்ட அதே ஆண்டுகளில், மற்றச் செடிகள் அவருக்கு வாரிக் கொடுத்தன. பக்கத்தில் நீலகிரி, தெற்கே ஆனைமலையும் பழனி மலையும். 1838 முதல் 1853 வரை ஆறு பாகங்களாகச் சென்னையில் கல்லச்சில் வெளிவந்த அவருடைய படநூலில் 2,101 படங்கள்! வரைந்தவர்களில் முக்கியமானவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரு இந்திய ஓவியர்கள். ஓர் ஆர்க்கிட் குடும்பச் செடிக்கு வைட் கோவிந்துவின் பெயரையே சூட்டினார். துரைகள் துரைகளின் பெயரையே செடிகளுக்கு வைத்துக்கொண்டிருந்த காலம் அது.

நீலகிரி உச்சியில் செக்கச்செவேலெனப் பூக்கும் காட்டுப் பூவரசின் நெருங்கிய உறவினர்கள் இமயமலையில் இருக்கின்றன. நடுவில் உள்ள சமவெளியில் ஒன்றுகூட இல்லை. இது எப்படி நேர்ந்தது என்று சொல்ல அந்தக் காலத்தில் சித்தாந்தம் இல்லை. டார்வினின் நூல் 1859ல்தான் வந்தது. உலகம் குளிர்ந்திருந்த பனியுகங்களில் குளிர்விரும்பிச் செடிகள் கீழே இறங்கிப் பரவியிருக்கும், வெப்பம் கூடியதும் உச்சிகளுக்கு ஏறித் தீவுகளைப்போலத் தனித்துவிட்டிருக்கும் என்று இன்றைய ஆராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள்.

பாலக்காட்டுக் கணவாயும் அப்படியொரு வெப்பக் கடல். அகலம் சுமார் 30, 40 கிலோமீட்டர்தான். ஆனால் குளிர்ந்த சோலையை விட்டு வெளியே வராத குருவிக்கு அது போதும். வடக்கே நீலகிரிச் சிரிப்பானுக்கு மார்பு செம்பழுப்பு. தெற்கே பழனிச் சிரிப்பானுக்குச் சாம்பல். நெடுங்காலப் பிரிவு இரண்டையும் வேறு வேறு இனமாக்கிவிட்டது. இதில் தெற்கத்திக் குருவிக்கு சாஸ்திரப் பெயர் கிடைத்தது 1860-களின் கடைசியில். குருவி போகட்டும், எவ்வளவு தூரமும் நடக்கக்கூடிய யானையிலும், நீலகிரிக் கூட்டமும் ஆனைமலைக் கூட்டமும் மரபணுவில் வேறுபடுகின்றன. வரையாடு மட்டும் இரு பக்கமும் பார்வைக்கு ஒன்றாகவே தெரிகிறது.

வைட் இங்கிலாந்தில் ரெடிங் நகருக்கு அருகே சிறு பண்ணை வைத்துக்கொண்டு காலம் கழித்தார். 1871ல் தம் செடித் தொகுப்பைக் கியூ தோட்டத்துக்குக் கொடுத்தார். அடுத்த ஆண்டு மே 26ல் காலமானார்.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப்பின், 1900-களின் தொடக்கத்தில், கம்போடியாப் பருத்தி தமிழ்நாட்டுக்கு வந்தது. பெயர்தான் கம்போடியா, பிறப்பு அமெரிக்கா. வைட் போராடிய அதே இனம், இந்தோசீனாவைச் சுற்றிக்கொண்டு வேறு வாசல் வழியாக வந்திருந்தது. இம்முறை குடியானவர்கள் அதை வானத்தை நம்பி விடவில்லை. கிணற்றில் கவலை கட்டி இறைத்துப் பாய்ச்சினார்கள். செடி நிலைத்தது. திருப்பூரில் ஜின்னிங் பாக்டரிகள் வரிசையாக எழுந்தது அந்தப் பஞ்சைக் கொண்டுதான்.