கப்பலில் போட்ட கணக்கு

பனி கொட்டின மறுநாள் மிசிசாகாவில் பூங்காவுக்குப் போனால் என்ன செய்வீங்கள்? சறுக்குப் பலகையில் தம்பியை இருத்தித் தள்ளுவீங்கள். பலகை சட்டென்று ஓடும். இப்ப தம்பியோடு பெரிய அண்ணாவையும் இருத்தித் தள்ளிப் பாருங்கோ. அதே கை, அதே பலம். ஆனால் பலகை மெல்லத்தான் புறப்படும். ஏன்?

இதைச் சொல்ல மூன்று சொற்கள் வேண்டும். நீங்கள் கொடுக்கிற தள்ளல்தான் விசை. பலகையிலும் அதில் இருப்பவர்களிலும் எவ்வளவு பொருள் இருக்கிறது என்பது திணிவு. வேகம் ஒவ்வொரு வினாடியும் எவ்வளவு கூடுகிறது என்பது ஆர்முடுகல். விசை அப்படியே இருக்க, திணிவு இரண்டு மடங்கானால் ஆர்முடுகல் பாதியாகிவிடும். ஒன்று மாறினால் இன்னொன்றும் மாறியே தீரும். ஐசக் நியூட்டன் 1687இல் வெளியிட்ட புத்தகத்தில் இந்த உறவு இருக்கிறது.

வீட்டில் இந்தச் சொற்களைக் கேட்டால் கொஞ்சம் குழப்பம் வரலாம். இலங்கையில் படித்தவர்கள் திணிவு, ஆர்முடுகல் என்பார்கள். தமிழ்நாட்டில் படித்தவர்கள் நிறை, முடுக்கம் என்பார்கள். இலங்கையில் நிறை என்றால் எடை! சண்டை பிடிக்க வேண்டாம், எல்லாம் தமிழ்தான்.

சரி, இனிக் கதைக்கு வருவோம். இப்படி ஒன்றோடொன்று கட்டின அளவுகளை வைத்து நட்சத்திரங்களையே கணக்குப் போட்ட ஒரு தமிழர் இருந்தார். அவர் பெயர் சுப்பிரமணியன் சந்திரசேகர். எல்லாரும் அவரைச் சந்திரா என்று கூப்பிடுவார்கள்.

சந்திரா 1910ஆம் ஆண்டு லாகூரில் பிறந்தார். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. பிறகு குடும்பம் சென்னைக்கு வந்தது. சின்ன வயதில் அவர் பள்ளிக்கூடம் போகவில்லை. அப்பாவும் அம்மாவும் வீட்டிலேயே சொல்லிக் கொடுத்தார்கள். அம்மா சீதாலட்சுமி இப்சன் எழுதிய நாடகம் ஒன்றைத் தமிழில் மொழிபெயர்த்தவர். பிறகு சந்திரா திருவல்லிக்கேணியில் இந்து உயர்நிலைப் பள்ளியிலும், சென்னை மாநிலக் கல்லூரியிலும் படித்தார்.

1930இல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜில் மேலே படிக்க இடம் கிடைத்தது. ஆனால் அப்போது அம்மாவுக்குக் கடும் நோய். போகலாமா, விடலாமா? போகத்தான் வேண்டும் என்று சொன்னது அம்மாவேதான். சந்திரா கப்பல் ஏறினார். அடுத்த ஆண்டு அம்மா இறந்துவிட்டார். மகன் அவரைத் திரும்பப் பார்க்கவே இல்லை.

அந்தக் கப்பலில் 19 வயதுச் சந்திரா சும்மா இருக்கவில்லை. ஒரு நட்சத்திரம் எரிந்து முடிந்தபின் என்ன ஆகும் என்று யோசித்தார். நட்சத்திரத்தின் ஈர்ப்பு விசை எல்லாவற்றையும் உள்ளே இழுக்கும். உள்ளே நெருக்கப்பட்ட எலெக்ட்ரான் என்ற சின்னஞ்சிறு துகள்கள் வெளியே தள்ளும். கயிறிழுத்தல் போட்டி மாதிரித்தான். இரண்டு பக்கமும் சமமானால் நட்சத்திரம் சுருங்காமல் அப்படியே நிற்கும். அதற்கு வெள்ளைக் குள்ளன் என்று பெயர். சூரியனின் திணிவு அளவு பொருள், நம்முடைய பூமி அளவு உருண்டைக்குள்!

திணிவு கூடினால் இழுக்கும் விசையும் கூடும். அதைச் சமாளிக்க எலெக்ட்ரான்கள் இன்னும் வேகமாக ஓட வேண்டும். இங்கேதான் சந்திரா ஒரு விசயத்தைக் கவனித்தார். ஒளியைவிட வேகமாக எதுவும் ஓட முடியாது. அப்படியென்றால், தள்ளும் பக்கம் ஒரு கட்டத்துக்கு மேல் ஈடுகொடுக்க முடியாது. இழுக்கும் பக்கம் வென்றுவிடும். நட்சத்திரம் சுருங்கிக்கொண்டே போகும். அந்த எல்லை சூரியனின் திணிவைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கு என்று இன்று சொல்கிறோம். அதற்குச் சந்திரசேகர் எல்லை என்று பெயர்.

1935 சனவரியில் லண்டனில் பெரிய அறிவியலாளர்கள் கூடிய இடத்தில் சந்திரா இதை விளக்கினார். அவர் பேசி முடித்ததும் ஆர்தர் எடிங்டன் எழுந்தார். எடிங்டன் அந்தக் காலத்தில் மிகப் புகழ்பெற்ற வானியலாளர். சந்திராவுக்குத் தெரிந்தவரும்கூட, அவருடைய அறைக்கே வந்து பேசுகிறவர். அவர் எல்லார் முன்னாலும் அந்தக் கணக்கைக் கேலி செய்தார். சபை சிரித்தது. உங்களுக்கு அப்படி நடந்தால் எப்படி இருக்கும், சொல்லுங்கோ?

சந்திரா கணக்கை மாற்றவில்லை. சில ஆண்டுகளில் எல்லாவற்றையும் ஒரு புத்தகமாக எழுதிவிட்டு வேறு ஆராய்ச்சிக்குப் போய்விட்டார். ஆச்சரியம் என்னவென்றால், எடிங்டனோடு நட்பையும் அவர் விடவில்லை. எனக்கு அவரிடம் மிகப் பிடித்தது அதுதான்.

1937இல் அவர் அமெரிக்காவுக்கு வந்து சிக்காகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். மிசிசாகாவிலிருந்து காரில் போனால் ஏறக்குறைய எட்டு மணி நேரம். கடைசிவரை அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் இருந்தார். கப்பலில் கணக்குப் போட்டு 53 ஆண்டுகள் கழித்து, 1983இல், நோபல் பரிசு கிடைத்தது.

பரிசு வாங்கின பிறகும் அவர் ஓய்ந்துவிடவில்லை. நியூட்டனின் அந்தப் பழைய புத்தகத்தைக் கையில் எடுத்தார். நியூட்டன் சொல்லும் முடிவை மட்டும் முதலில் வாசிப்பார். எப்படி நிறுவினார் என்று பார்க்க மாட்டார். தானே ஒரு வழியில் நிறுவி எழுதுவார். அதற்குப் பிறகுதான் நியூட்டனின் வழியைப் பார்ப்பார். நோபல் பரிசு வாங்கினவர், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி! விடையை முதலில் எட்டிப் பார்க்காத பிள்ளை. அந்தப் புத்தகம் 1995இல் வெளிவந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட்டில், 84 வயதில், சந்திரா இறந்தார்.

சந்திரா என்று பெயர் வைத்த ஒரு தொலைநோக்கியை 1999இல் விண்வெளிக்கு அனுப்பினார்கள். அது பூமியை ஒரு நீள்வட்டப் பாதையில் சுற்றுகிறது. தூரமாகப் போகும்போது மெதுவாகப் போகும். பூமிக்குக் கிட்ட வரும்போது, ஈர்ப்பு விசை கூடக் கூட, வேகமாக வரும், சரிவில் இறங்குகிற உங்கள் சறுக்குப் பலகை மாதிரி.