அண்ணல் ஏன் கோட்டு அணிந்தார்?

நம் ஊர்ப் பேருந்து நிறுத்தத்திலோ, காலனி முனையிலோ நிற்கும் அம்பேத்கர் சிலையை ஒருமுறை நின்று பாருங்கள். நீலக் கோட்டு, கழுத்தில் டை, கண்ணாடி, காலில் பூட்ஸ், கையில் அரசியல் சட்டப் புத்தகம். பல ஊர்களில் சிலையைச் சுற்றி இரும்புக் கூண்டு. காந்தி அரைவேட்டியோடு நிற்கிறார். காமராசர் கதர்ச் சட்டையோடு நிற்கிறார். அண்ணல் மட்டும் ஏன் வெள்ளைக்காரரைப் போல உடுத்தி நிற்கிறார் என்று மாணவர்கள் கேட்கிறார்கள். தெரிந்துகொள்ளக் கேட்பவர்களும் உண்டு, கிண்டலுக்குக் கேட்பவர்களும் உண்டு. இருவருக்கும் பதில் அவருடைய வாழ்க்கையில் இருக்கிறது.

பீம்ராவ் 1891 ஏப்ரல் 14 அன்று மாவ் ராணுவக் குடியிருப்பில், மகர் சாதியில், பெற்றோருக்குப் பதினான்காவது குழந்தையாகப் பிறந்தார். பேஷ்வாக்கள் ஆண்ட காலத்தில் பூனா நகரத்தில் தீண்டப்படாதவர் தம் காலடித் தடத்தைத் தாமே பெருக்கிக்கொண்டு போக இடுப்பில் துடைப்பம் கட்ட வேண்டும். எச்சில் தரையில் விழாமலிருக்கக் கழுத்தில் கலயம் தொங்கவிட வேண்டும். இதைப் பின்னாளில் அண்ணலே எழுதினார். துடைப்பமும் கலயமும்தான் சாதி அந்த மக்களுக்குத் தைத்துக் கொடுத்த உடை. அதிலிருந்து வெளியேற முதலில் கிடைத்த வழி ராணுவச் சீருடை. பீம்ராவின் தந்தை ராம்ஜி சக்பால் அந்தச் சீருடையில் சுபேதார் வரை உயர்ந்தவர்.

தாய் இறந்த பிறகு குடும்பம் சதாராவில் இருந்தது. பள்ளியில் பீம்ராவ் உட்கார வீட்டிலிருந்து ஒரு சாக்குத் துண்டு கொண்டுபோக வேண்டும், மாலையில் அதைத் திரும்ப எடுத்துவர வேண்டும். முடிவெட்ட எந்த நாவிதரும் வரமாட்டார். அக்காதான் வெட்டிவிடுவார்.

1901 வாக்கில், கோரேகானில் வேலை பார்த்த தந்தையைக் காண, கோடை விடுமுறையில் பிள்ளைகள் புறப்பட்டார்கள். பீம்ராவ், அண்ணன், அக்கா மகன்கள். முதல் ரயில் பயணம். இங்கிலாந்துத் துணியில் புதுச்சட்டை, மினுமினுக்கும் தொப்பி, புது பூட்ஸ், பட்டுக்கரை வேட்டி எல்லாம் வாங்கினார்கள். மசூர் ரயில் நிலையத்தில் இறங்கினால் அழைத்துப்போக யாரும் வரவில்லை. எழுதிய கடிதம் தந்தையின் கைக்குப் போய்ச் சேரவில்லை. உடையைப் பார்த்துப் பிராமணப் பிள்ளைகள் என்று நினைத்த நிலைய அதிகாரி பரிவோடு வந்து விசாரித்தார். மகர் என்று பிள்ளைகள் வாய்தவறிச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. பேசாமல் திரும்பிப் போய்விட்டார். வண்டிக்காரர்கள் ஒருவரும் ஏற்றிக்கொள்ளவில்லை. கடைசியில் இரட்டிப்பு வாடகைக்கு ஒருவர் இசைந்தார். பிள்ளைகளே மாட்டை ஓட்ட வேண்டும், வண்டிக்காரர் நடந்து வருவார். கூடையில் சாப்பாடு இருந்தும் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் இரவு முழுவதும் பட்டினி கிடந்தார்கள். புதுச்சட்டை பரிவைப் பெற்றுத்தந்தது, சாதிப் பெயர் அதை ஒரே நொடியில் பறித்துக்கொண்டது. பத்து வயதுப் பிள்ளை அன்று படித்த பாடம் இது.

1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் நியூயார்க் சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தார். பிறகு லண்டனில் பொருளாதாரமும் சட்டமும். 1917இல் பரோடாவுக்கு வேலைக்குத் திரும்பியபோது தங்க இடமில்லை. ஒரு பார்சி விடுதிக்குப் போனார். உடுப்பெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் பார்சிகள் உடம்போடு அணியும் புனித உள்ளாடையும் கயிறும் இல்லை என்பதை விடுதிக்காரர் கண்டுகொண்டார். பார்சிப் பெயரைப் பதிவேட்டில் எழுதித் தங்கினார். சில நாளில் கம்புகளோடு வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. வெளிநாட்டுப் பட்டங்கள் வாங்கியவர் அன்று ஒரு மரத்தடியில் அமர்ந்து அழுதார்.

லண்டனிலும் உடையில் படிநிலை உண்டு. அலுவலகத்துக்கு ஒரே துணியில் கோட்டும் காற்சட்டையும். பகல் நேர அரசு விழாவுக்குப் பின்பக்கம் நீண்ட கோட்டும் கோடுபோட்ட காற்சட்டையும். இரவு விருந்துக்குக் கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை, வில் போலக் கட்டிய டை. நீதிமன்றத்தில் வழக்கறிஞருக்குக் கறுப்பு அங்கி. பிறப்பைக் கேட்டு யாருக்கு எந்த உடை என்று சட்டம் வகுக்கவில்லை. பணமும் படிப்பும் இருந்தால் எவரும் அணியலாம்.

அங்கேயும் அதிகாரம் ஒருமுறை உடையில் கைவைத்தது. ஸ்காட்லாந்து மலைநாட்டு ஆண்கள் முழங்கால் வரை கட்டும் கட்டம்போட்ட கம்பளி உடைக்குக் கில்ட் என்று பெயர். மலைநாட்டவர் கலகம் செய்து தோற்றதும் 1746இல் அந்த உடையைத் தடைசெய்து சட்டம் வந்தது. முதல்முறை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை, மறுமுறை ஏழு ஆண்டு நாடுகடத்தல். 1782இல் தடை நீங்கியது. 1822இல் எடின்பரோவுக்கு வந்த நான்காம் ஜார்ஜ் மன்னரே கில்ட் கட்டினார். இன்று ஸ்காட்லாந்துத் திருமணங்களில் அதுவே உயர்ந்த விழா உடை. தடைசெய்த உடை மரியாதை உடை ஆனதற்குச் சட்டம் நீங்கியது ஒரு காரணம், அதைக் கட்டிய மக்கள் வெட்கப்படாதது இன்னொரு காரணம்.

இப்போது 1930 டிசம்பருக்கு வாருங்கள். லண்டனில் முதல் வட்டமேசை மாநாடு. மன்னர்களும் பிரபுக்களும் அமர்ந்த மேசையில், கோட்டு சூட்டு அணிந்து ஒடுக்கப்பட்ட மக்களின் பிரதிநிதியாக அமர்ந்திருந்தார் அம்பேத்கர். உடன் செங்கல்பட்டு மாவட்டக் கோழியாளத்தில் பிறந்த தாத்தா இரட்டைமலை சீனிவாசன். அதே டிசம்பரில் நம் ராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடருக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயோ இடுப்புக்கு மேலேயோ துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் போடக் கூடாது. முடியைக் கத்தரிக்கக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போடக் கூடாது. மீறியவர்கள் தாக்கப்பட்டார்கள். 1928இல் இந்தூர்ப் பகுதியிலும் பலாய் மக்கள் சரிகைக்கரைத் தலைப்பாகை கட்டக் கூடாது, வண்ணக்கரை வேட்டி உடுத்தக் கூடாது என்று கட்டளை போட்டதை அண்ணல் பின்னர் எழுத்தில் பதிவு செய்தார்.

அண்ணலின் கோட்டு ஆடம்பரமா என்று கேட்பவர்கள் இந்த எட்டுத் தடைகளை ஒருமுறை படிக்க வேண்டும். இங்கே பனியனுக்கும் தடை இருந்த மாதத்தில், லண்டனில் அவர் முழு உடுப்போடு உட்கார்ந்து அரசியல் உரிமை கேட்டார். காந்தி 1921இல் மதுரையில் சட்டையைக் கழற்றினார். ஏழைகளோடு ஏழையாக நிற்க விரும்பினார். அது அவர் தேர்ந்துகொண்டது. 1931இல் பக்கிங்காம் அரண்மனைத் தேநீர் விருந்துக்கும் அரைவேட்டியோடே போனார். சட்டை போட உரிமை உள்ளவர் அதைக் கழற்றினால் அது தியாகம். உரிமையே மறுக்கப்பட்டவர் சட்டை போட்டால் அது போராட்டம்.

இதை அவர் தன்னோடு நிறுத்திக்கொள்ளவில்லை. 1927 டிசம்பரில் மகாட் மாநாட்டுக்கு வந்த பெண்களிடம், சாதியைக் காட்டிக்கொடுக்கும் சேலைக்கட்டையும் கனத்த மலிவு நகைகளையும் விட்டுவிடச் சொன்னார். மறுநாளே பலர் கட்டும் முறையை மாற்றிக்கொண்டார்கள். விலையுயர்ந்த துணி வாங்கச் சொல்லவில்லை. துவைத்துச் சுத்தமாக உடுத்தச் சொன்னார்.

அவர் எந்நேரமும் கோட்டோடு இருந்தவரும் அல்லர். வீட்டில் லுங்கியோடு புத்தகங்களுக்கு நடுவே உட்கார்ந்திருப்பார். 1952இல் கொலம்பியா பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் தந்தபோது பட்டமளிப்பு அங்கி அணிந்தார். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கான மக்களோடு பௌத்தம் தழுவியபோது வெள்ளைப் பட்டு வேட்டியும் வெள்ளைக் கோட்டும் உடுத்தியிருந்தார். இடத்துக்கேற்ற உடை எது என்பதை அவரே தீர்மானித்தார். ஊரோ சாதியோ தீர்மானிக்க விடவில்லை. அவ்வாண்டு டிசம்பர் 6 அன்று மறைந்தார்.

மசூர் ரயில் நிலையம் பழைய கதை அல்ல. செருப்போடு தெருவில் நடந்ததற்கும், வெள்ளை வேட்டி கட்டியதற்கும், கண்ணாடி போட்டு பைக்கில் போனதற்கும் அடி வாங்கும் தம்பிகளை இன்றும் பார்க்கிறோம். அதனால்தான் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015இல் திருத்தப்பட்டபோது, பொது இடத்தில் செருப்போ புத்தாடையோ அணிவதைத் தடுப்பது, சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதைத் தடுப்பது குற்றம் என்று தனியாகவே எழுதினார்கள். 2016 ஜனவரி 26 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. பிரிவு 3(1)(za). காவல் நிலையத்தில் புகார் கொடுக்கும்போது இந்தப் பிரிவைப் பெயர் சொல்லிக் கேளுங்கள், தம்பிகளே.

அடுத்த முறை சிலையின் கோட்டைப் பற்றி யாராவது கிண்டலாகக் கேட்டால் கோபப்பட வேண்டாம். ராமநாதபுரத்து எட்டுத் தடைகளையும் ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். பிறகு சிலையைப் பார்க்கச் சொல்லுங்கள்.